ஐந்து பாட்டில், ஒரே திராட்சை: ஷிராஸை ஊர்வாரியாக ஒப்பிட்டுச் சுவைப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவில் வேறெந்த ஒயின் திராட்சையைவிடவும் அதிகமாகப் பயிராவது ஷிராஸ். சிட்னிக்கு வடக்கே ஹண்டர் பள்ளத்தாக்கில் அது 13% ஆல்கஹாலோடு, கனம் குறைந்து, மண் வாசனையோடு வரும். அடிலெய்டுக்கு வடகிழக்கே பரோசாவில் அதே திராட்சை 15%-ஐத் தொட்டு, கறுத்து, வாய் நிறைய இனிக்கிற மாதிரி வரும். சர்க்கரை மிச்சமில்லாத ஒயின்தான், இருந்தாலும் இனிக்கிற மாதிரி. ஒன்றை இன்றும் மற்றதை அடுத்த மாதமும் குடித்தால் இந்த வித்தியாசம் மனதில் நிற்காது. பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்து மாற்றி மாற்றிச் சுவைத்தால் ஒரே மாலையில் பிடிபட்டுவிடும்.

ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் ஊரை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு பீப்பாயை ஒப்பிடுகிறார்கள், அல்லது விலையை, அல்லது பாட்டிலின் வயதை. வென்னிலா மணத்தை 'இதுதான் பரோசா மணம்' என்று எழுதி வைப்பார்கள். அது அமெரிக்க ஓக் பீப்பாயின் மணம். எந்த ஊர் ஒயினிலும் அதை ஏற்றலாம். மூக்குக்கு முதலில் எட்டுவதில் பெரும்பகுதி செய்தவரின் கைவேலை. ஊரைத் தேட வேண்டிய இடம் வாய்: புளிப்பு, துவர்ப்பு, கனம். இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு மிளகு மணம். அதைப் பிறகு பார்க்கலாம்.

பாட்டில் பொறுக்குவது

ஐந்து போதும். ஆறாவது பாட்டிலுக்கு நாக்கில் தெம்பு இருக்காது. பரிந்துரை இது: ஹண்டர் பள்ளத்தாக்கு, கான்பெரா மாவட்டம், விக்டோரியாவின் கிராம்பியன்ஸ், மெக்லாரன் வேல், பரோசா பள்ளத்தாக்கு. மூன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹண்டர், கிராம்பியன்ஸ், பரோசா. மெக்லாரன் வேல் கிடைக்காவிட்டால் விக்டோரியாவின் ஹீத்கோட் எடுக்கலாம்.

ஐந்தும் ஒரே ஆண்டு அறுவடையாக இருக்க வேண்டும்; ஓராண்டு முன்பின் இருந்தால் பாதகமில்லை. அறுவடையாகி மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் இருப்பது நல்லது. விலையும் ஒரே தட்டில் இருக்கட்டும். ஆஸ்திரேலியக் கடை விலையில் 25 முதல் 40 டாலர் வரை வசதியான தட்டு. மிக மலிவான பாட்டிலில் பல ஊர்த் திராட்சை கலந்திருக்கும். பீப்பாய்க்குப் பதில் ஓக் சிராய் போட்டிருப்பார்கள். மிக விலை கூடியதில் புதுப் பீப்பாய் மணம் ஊரை மூடிவிடும். ஆக, 'ரிசர்வ்' என்று அச்சடித்த பாட்டிலைவிட அதே தோட்டத்தின் சாதாரணப் பாட்டில் இந்தப் பாடத்துக்கு ஏற்றது. பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச் புகழ்பெற்ற ஷிராஸ்தான். ஆனால் அது பல ஊர்த் திராட்சையைச் சேர்த்துச் செய்வது, ஊர்ப் பாடத்துக்கு உதவாது. விலையும் தடுக்கும்.

எல்லாம் திருகு மூடியாக இருந்தால் நல்லது. ஆஸ்திரேலிய ஒயின்களில் அதுதான் இப்போது வழக்கம். கார்க் அடைத்த பாட்டிலைக் கலந்து வாங்கினால், கெட்ட கார்க் ஒன்று அந்த ஊரின் பெயரைக் கெடுத்துவிடும்.

இரண்டு ஆண்டுகளைத் தவிருங்கள். 2011-இல் தென் ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் குளிரும் மழையும் மிஞ்சியதால் அந்த ஆண்டுப் பரோசா தன் வழக்கமான முகத்தைக் காட்டாது. 2020-இல் ஹண்டர், கான்பெரா பக்கம் காட்டுத்தீயின் புகை திராட்சையில் ஏறியது. பல தோட்டங்கள் அந்த ஆண்டு சிவப்பு ஒயினே செய்யவில்லை. ஹண்டருக்கு 2014, 2018 இரண்டும் பேர்பெற்ற ஆண்டுகள். பரோசாவுக்கு 2021 அருமை.

லேபிளில் பார்க்க வேண்டியவை

'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், குயின்ஸ்லாந்து, தென் ஆஸ்திரேலியா இரண்டிலும் ஒரு பகுதியும் அந்தப் பெயருக்குள் அடங்கும். 'சவுத் ஆஸ்திரேலியா' என்பதும் ஊர் ஆகாது. 'பரோசா' என்றும் 'பரோசா வேலி' என்றும் இரண்டு விதமாக அச்சடித்திருக்கும், இரண்டும் ஒன்றல்ல. வெறும் 'பரோசா' என்றால் தாழ்வான பரோசா பள்ளத்தாக்கும், அதற்குக் கிழக்கே மேட்டில் இருக்கும் குளிர்ச்சியான ஈடன் பள்ளத்தாக்கும் கலந்திருக்கலாம். நமக்கு வேண்டியது 'பரோசா வேலி'.

ஆஸ்திரேலியச் சட்டப்படி லேபிளில் ஓர் ஊர் பெயரைப் போட 85% திராட்சை அந்த ஊரிலிருந்து வந்தால் போதும். திராட்சை வகைக்கும் ஆண்டுக்கும் அதே 85% கணக்குதான். 'ஷிராஸ்' என்ற பாட்டிலில் சொல்லாமலே கொஞ்சம் கேபர்னே என்ற வேறு திராட்சை இருக்க இடமுண்டு. ஆல்கஹால் அளவிலும் 1.5% வரை முன்பின் இருக்கச் சட்டம் இடம் தருகிறது: 14.5 என்று போட்டது 13-ஆகவும் இருக்கலாம், 16-ஆகவும் இருக்கலாம். எனவே அந்த எண்ணைத் தோராயமாக எடுத்துக்கொண்டு, தொண்டையில் இறங்கும் சூட்டை நம்புங்கள்.

சில பாட்டில்களில் 'சிரா' என்று இருக்கும். திராட்சை ஒன்றே. ஆஸ்திரேலியாவில் சிலர் பிரெஞ்சுப் பாணியில் மெலிதாக, தண்டோடு சேர்த்துப் புளிக்கவைத்ததைக் குறிப்பாகச் சொல்ல அந்தப் பெயரைப் போடுகிறார்கள். முதல் சுற்றில் அவற்றைத் தள்ளிவைக்கலாம்.

கிளாஸ், சூடு, அளவு

ஆளுக்கு ஐந்து கிளாஸ், ஐந்தும் ஒரே வடிவம். அடி அகன்று வாய் குறுகிய 200 முதல் 350 மி.லி. கிளாஸ் எதுவும் சரி. கிளாஸ் வேறுபட்டால் மணமும் வேறுபடும், வீண் குழப்பம். சோப்பு வாசனை போக வெந்நீரில் அலசி, கவிழ்க்காமல் நிமிர்த்தி உலர விடுங்கள். மர அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் மக்கல் வாடை தங்கும்.

ஊற்றும் அளவு 50 மி.லி. ஒரு பாட்டிலில் 15 முறை ஊற்றலாம். ஆறு பேர், இரண்டு சுற்று என்றால் 600 மி.லி. போகும், மிச்சம் 150 மி.லி. மறுநாளுக்கு. ஒரு சுற்றில் ஐந்தையும் விழுங்கினால் 250 மி.லி., 14% கணக்கில் ஏறக்குறைய 28 கிராம் ஆல்கஹால், அதாவது ஆஸ்திரேலியக் கணக்கில் மூன்று 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்'குக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது சுற்றில் எழுதும் குறிப்புகளை மறுநாள் படிக்கவே முடியாது. துப்ப ஆளுக்கு ஒரு டம்ளர் வையுங்கள். ஒயின்காரர்கள் எல்லோரும் துப்பித்தான் சுவைப்பார்கள்; அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வண்டி ஓட்ட வேண்டியவர் கட்டாயம் துப்ப வேண்டும்.

சூடுதான் அதிகம் சொதப்பும் இடம். சிவப்பு ஒயினை 'அறைச் சூட்டில்' பரிமாறச் சொல்வார்கள். அது குளிர் நாட்டுப் பழைய வீடுகளின் அறை. ஷிராஸுக்கு 16 முதல் 18 டிகிரி சரி. 25-ஐத் தாண்டினால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும், பழம் குழைந்த மாதிரி தெரியும், ஐந்து ஊரும் ஒரே ஊராகிவிடும். 30 டிகிரி அறையில் இருந்த பாட்டில் சாதாரண ஃபிரிட்ஜில் 17-க்கு இறங்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி நிரப்பிய வாளியில் கழுத்துவரை அமிழ்த்தினால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அறை சூடாக இருந்தால் 15 டிகிரியில் ஊற்றுங்கள். கிளாஸில் தானாக ஏறும். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று போதும்.

அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகை, சென்ட் எதுவும் வேண்டாம். அடுப்பில் தாளிப்பு நடந்தால் அன்று மிளகு மணத்தைப் பற்றி எழுத யாருக்கும் தகுதியில்லை. காபி குடித்தோ பல் தேய்த்தோ ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இடையில் தின்ன வெறும் ரொட்டியும் தண்ணீரும் மட்டும். சீஸ் கூடாது: அதன் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மட்டுப்படுத்தி எல்லா ஒயினையும் நல்ல ஒயினாக்கிவிடும்.

மறைப்பும் வரிசையும்

பாட்டிலைப் பார்த்துவிட்டால் நாக்கு லேபிளைத்தான் சுவைக்கும். ஒருவர் தனியே போய் பாட்டில்களைக் கழுத்துவரை காகிதத்தில் சுற்றி 1 முதல் 5 வரை எண் போடட்டும். மூடிகளையும் மாற்றி வைக்க வேண்டும். பல மூடிகளில் பெயர் அச்சடித்திருக்கும்.

மெலிந்ததிலிருந்து கனத்ததுக்குப் போவதே முறை: ஹண்டர், கான்பெரா, கிராம்பியன்ஸ், மெக்லாரன் வேல், பரோசா. எண் போடுகிறவர் இந்த வரிசையைத் தெரிந்துகொண்டு நடுவில் இரண்டை மட்டும் இடம் மாற்றலாம். பரோசாவை முதலில் குடித்துவிட்டு ஹண்டரைத் தொட்டால் அது தண்ணீர் கலந்த மாதிரி இருக்கும். ஹண்டருக்கு அநியாயம் நடப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

துவர்ப்பு வாயில் சேர்ந்துகொண்டே போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நான்காவது கிளாஸ் முதல் கிளாஸைவிடத் துவர்ப்பாகத் தெரிவதற்கு அந்த ஒயின் காரணமாக இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு துண்டு ரொட்டி, ஒரு வாய் தண்ணீர், ஒன்றரை நிமிட இடைவெளி. இரண்டாவது சுற்றைத் தலைகீழாக நடத்துங்கள். இரண்டு சுற்றிலும் ஒரே மாதிரி எழுதியதை மட்டும் நம்பலாம்.

சுவைக்கும் முறை

நிறத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கிளாஸை வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்து, அடியில் விரலை வைத்தால் தெரிகிறதா, விளிம்பு ஊதாவா செங்கல் நிறமா என்று பாருங்கள், போதும். கிளாஸ் சுவரில் வழியும் 'கால்கள்' தரத்தைச் சொல்லாது.

கிளாஸைச் சுழற்றாமல் ஒருமுறை மோந்துவிட்டுப் பிறகு சுழற்றி மோந்து பாருங்கள். பழத்தின் பெயரைவிடப் பழத்தின் பதம் முக்கியம்: காயும் பழமுமா, புதுப் பழமா, கனிந்ததா, ஜாமா, உலர்ந்த திராட்சையா? 'நாவல்பழம்' என்று எழுதினால் போதாது, 'புளிப்பு விடாத நாவல்' என்று எழுதுங்கள். பீப்பாய் மணத்தைத் தனிப் பத்தியில் போடுங்கள்: தேங்காய், வென்னிலா என்றால் அமெரிக்க ஓக்; இலவங்கம், தேவதாரு மாதிரி என்றால் பெரும்பாலும் பிரெஞ்சு ஓக். ஊர்க் கணக்கில் அந்தப் பத்தியைச் சேர்க்கக் கூடாது.

அடுத்து வாய். 10 மி.லி. அளவு எடுத்து, ஐந்து நொடி வாய் முழுக்கப் புரட்டி, துப்புங்கள். ஓர் அட்டையில் ஐந்து வரி மட்டும் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று.

புளிப்பு: துப்பியதும் தலையைக் குனிந்து வாயை மூடுங்கள். நாக்கின் இரு ஓரத்திலும் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது? உடனே குளம் கட்டினால் 5. சூடான ஊர்களில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட, சாதாரண வழக்கம். நன்றாகச் செய்திருந்தால் கண்டுபிடிக்க முடியாது. அளவு மிஞ்சினால் பழமெல்லாம் போன பிறகு புளிப்பு மட்டும் தனியாகக் கூர்மையாக நிற்கும். அப்படித் தெரிந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

துவர்ப்பு: நாக்கை மேல் ஈறில் தேயுங்கள். வழுக்குகிறதா, மாவு மாதிரி இருக்கிறதா, மணல் மாதிரி நறநறவென்றா? எவ்வளவு என்பதோடு எப்படி என்பதையும் எழுத வேண்டும்.

கனம்: நாக்கின் மேல் அது தண்ணீர் பக்கமா, எண்ணெய் பக்கமா?

சூடு: துப்பியபின் வாயால் மூச்சை விடுங்கள். தொண்டையும் நெஞ்சும் சுட்டால் 4 அல்லது 5.

நீளம்: துப்பிய நொடியிலிருந்து பழச்சுவை மறையும்வரை எண்ணுங்கள். எரிச்சலையோ கசப்பையோ சேர்த்து எண்ணக் கூடாது. மலிவு ஒயின்களுக்கு நீளம் கூடுவது பெரும்பாலும் இந்தத் தவறால்தான்.

ஊர் ஊராக என்ன எதிர்பார்ப்பது

ஹண்டர் பள்ளத்தாக்கு வெப்பமான இடம். வெப்பத்தை மட்டும் பார்த்தால் இங்கே பரோசாவைவிடக் கனத்த ஒயின் வர வேண்டும். வருவதில்லை. கோடையில் கடற்பக்கமிருந்து ஈரமும் மேகமும் வருகின்றன; அறுவடை நேரத்தில் மழை மிரட்டும். எனவே ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும், சர்க்கரை உச்சத்துக்குப் போகுமுன் பறித்துவிடுகிறார்கள். விளைவு 12.5 முதல் 13.5% ஆல்கஹால், நடுத்தரக் கனம், நல்ல புளிப்பு, மாவு போன்ற மெல்லிய துவர்ப்பு. பழம் சிவப்புப் பக்கம். அதோடு செம்மண், தோல், கொஞ்சம் கறி மாதிரி ஒரு வாசனை. இளமையில் இது தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. பத்து, இருபது ஆண்டு பாட்டிலில் இருந்தபின்தான் ஏன் இதைக் கொண்டாடுகிறார்கள் என்று புரியும். மௌன்ட் பிளசன்டில் 1880-இலும் டிரெல்ஸ் தோட்டத்தில் 1879-இலும் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. மோரிஸ் ஓ'ஷே என்பவர் மௌன்ட் பிளசன்டில் 1956-இல் இறக்கும்வரை செய்த ஒயின்கள்தான் இந்தப் பாணிக்கு அளவுகோல். அந்தக் காலத்தில் இதை 'ஹண்டர் ரிவர் பர்கண்டி' என்று விற்றார்கள். பர்கண்டி என்பது பிரான்சின் மெலிந்த சிவப்பு ஒயின்; இது எவ்வளவு மெலிதாக இருந்திருக்கும் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. உங்கள் அட்டையில் புளிப்பு 4, துவர்ப்பு 2 அல்லது 3, கனம் 2 அல்லது 3, சூடு 2 என்று வந்தால் சரியான தடத்தில் இருக்கிறீர்கள்.

பரோசா பள்ளத்தாக்கு இதற்கு எதிர்முனை. கோடை வறண்டது, வெயில் நீண்டது, மழை பயம் குறைவு. எனவே திராட்சையைக் கொடியில் விட்டுவைக்க முடியும்: 14 முதல் 15% ஆல்கஹால், கருப்புப் பழம், அதிமதுரம், சாக்லேட், வழுவழுப்பான துவர்ப்பு. தென் ஆஸ்திரேலியாவுக்குள் ஃபிலோக்செரா என்ற வேர்ப்பூச்சி இதுவரை நுழையவில்லை. ஐரோப்பாவில் அந்தப் பூச்சிக்குப் பயந்து பெரும்பாலான கொடிகள் ஒட்டுவேரில் நிற்க, இங்கே 1840-களில் நட்டவை சொந்த வேரில் நிற்கின்றன. லாங்மைல் தோட்டத்தில் 1843-இல் நட்ட கொடி இன்றும் காய்க்கிறது. 2009-இல் பரோசாக்காரர்கள் கொடியின் வயதுக்குப் படிநிலை வகுத்தார்கள்: 35 ஆண்டு தாண்டினால் 'ஓல்ட்', 70 தாண்டினால் 'சர்வைவர்', 100 தாண்டினால் 'சென்டினேரியன்', 125 தாண்டினால் 'ஆன்செஸ்டர்'. லேபிளில் இவை இருந்தால் அர்த்தமுள்ள சொற்கள். அவை இல்லாமல் அச்சடித்த 'பழைய கொடி'க்குப் பொதுவான சட்ட வரையறை ஏதுமில்லை. அட்டையில் புளிப்பு 2 அல்லது 3, கனம் 5, சூடு 4. துவர்ப்புக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம்: அது அளவில் நிறைய இருக்கும், ஆனால் கனிந்த பழம் அதைப் போர்த்திக்கொண்டிருக்கும். இரண்டாவது சுற்றில் பரோசாவை முதலில் சுவைக்கும்போது நிஜ அளவு தெரியும்.

கிராம்பியன்ஸ், குறிப்பாக கிரேட் வெஸ்டர்ன் பகுதி, மிளகுக்குப் பேர்போனது. நம் கருமிளகில் இருக்கும் ரோடன்டோன் என்ற பொருள்தான் ஷிராஸிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தினர் 2008-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். அது திராட்சைத் தோலில் சேர்வது. குளிர்ந்த ஆண்டு, நிழல் விழும் குலை, தாமதமாகப் பழுக்கும் மேடு என்றால் கூடும், வெயிலில் குறையும். மௌன்ட் லாங்கி கிரானில் ஒரே தோட்டத்துக்குள்ளேயே வெயில் குறைவாக விழும் தெற்குச் சரிவில் அதிகம் இருப்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். பீப்பாய் இதைத் தராது. ஆகவே மூக்கு ஊரைச் சொல்லும் அபூர்வமான இடம் இது.

ஒரு சிக்கல்: அந்த 2008 ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, வெறும் தண்ணீரில் மிக அதிக அளவு கலந்து கொடுத்தும் அந்த மணம் தெரியவில்லை. உங்கள் மேசையில் ஆறு பேர் இருந்தால் ஒருவருக்குத் தெரியாமலிருக்க நல்ல வாய்ப்புண்டு. அவரைக் கேலி செய்ய வேண்டாம். அவருடைய குறிப்பில் கிராம்பியன்ஸ் 'வெறும் சிவப்புப் பழம்' என்று இருப்பது அவரளவில் உண்மை. அதே ஒயினின் வாய்ப்பகுதி எல்லோருக்கும் பொது: 13.5 முதல் 14%, நேர்கோடு மாதிரிப் புளிப்பு, மணிமணியான இறுக்கத் துவர்ப்பு.

கான்பெரா மாவட்டத்துத் தோட்டங்களில் பல, பெயருக்கு மாறாக, எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸின் மரம்பேட்மன் ஊரைச் சுற்றி ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இரவுக் குளிர் கடுமை. இங்கே கவனிக்க வேண்டியது வியோனியே. பிரான்சின் கோட் ரோட்டியில் செய்வதுபோல இந்த வெள்ளைத் திராட்சையைச் சிறிதளவு ஷிராஸோடு சேர்த்தே புளிக்கவைப்பதை கிளோனகில்லா தோட்டம் 1990-களில் இங்கே புகழ்பெறச் செய்தது. ஒரு சில சதவீதம் போதும், பாதாமி மணமும் பூ மணமும் ஏறிவிடும். அந்த மணம் ஊருடையதல்ல, கலவையுடையது. ஒப்பீட்டுக்கு வெறும் ஷிராஸ் என்று போட்ட கான்பெரா பாட்டிலை வாங்குங்கள்.

மெக்லாரன் வேல் கடலோரம். பகல் சூடு பரோசாவுக்குக் கிட்டத்தட்ட, மாலையில் கடற்காற்று. பழம் நீலப் பக்கம், நடுவாயில் சாக்லேட், துவர்ப்பு பரோசாவைவிட மென்மை. மறைத்து வைத்தால் பரோசாவையும் இதையும் பிரிப்பதுதான் இந்த ஐந்தில் மிகக் கடினம். அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள், எனவே தவறினால் மதிப்பெண் குறைக்காதீர்கள். இதற்குள்ளேயே பிளூவிட் ஸ்பிரிங்ஸ் பகுதியின் மணல் நிலம் மெலிந்த ஒயினைத் தரும். ஹீத்கோட்டின் செம்மண், ஏறக்குறைய 50 கோடி ஆண்டுப் பழைய கேம்பிரியன் காலப் பாறை சிதைந்து உண்டானது. நிறம் அடர்த்தி, கனமும் அடர்த்தி.

ஊர் மணம் என்று ஏமாற்றும் குறைகள்

நீலகிரித் தைல வாசனை குறையல்ல. தோட்டத்தை ஒட்டிய யூகலிப்டஸ் மரத்திலிருந்து அதன் எண்ணெய் திராட்சைத் தோலில் படிவதாலும், இலைகள் குலையோடு தொட்டிக்குள் விழுவதாலும் வருவது. பெரும்பாலும் வேலியோர வரிசைகளின் மணம் அது.

பேண்டேஜ், குதிரை லாயம் மாதிரி நெடி பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் வேலை. பழைய ஹண்டர் ஒயின்களை 'வியர்த்த சேணம்' என்று வர்ணித்ததில் இதற்கும் பங்குண்டு. மண் வாசனையையும் இதையும் பிரிக்க, வாயின் கடைசியைப் பாருங்கள்: பழம் சட்டென்று வறண்டு உலோகம் மாதிரி முடிந்தால் அது ஈஸ்ட்.

வெந்த முட்டை, தீக்குச்சி வாசனை வந்தால் கந்தகச் சேர்மங்கள். ஷிராஸுக்கு இது அடிக்கடி வரும், திருகு மூடிக்குள் எளிதில் போகாது. வேகமாகச் சுழற்றுங்கள், அல்லது ஒரு ஜாடியில் ஊற்றி அரை மணி விடுங்கள். போகாவிட்டால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய செப்புத் துண்டு ஒன்றைக் கிளாஸில் போட்டு ஒரு நிமிடம் கலக்கி மோந்து பாருங்கள். சோதனைக்குத்தான், குடிக்க அல்ல.

ஈரச்சாக்கு, மக்கிய அட்டைப்பெட்டி வாசனை கார்க்கின் குற்றம். சரியாகாது, மாற்று பாட்டில் திறக்க வேண்டியதுதான். துப்பியபின் சாம்பல் சுவை ஏறிக்கொண்டே போனால் காட்டுத்தீப் புகை.

வெப்ப நாட்டில் வாங்குகிறவர்களுக்குத்தான் மிகப் பெரிய ஏமாற்று. வெயிலில் லாரியிலோ குளிரூட்டாத கிடங்கிலோ கிடந்து வெந்த பாட்டிலில் பழம் ஜாமாகி, புதுமை போய், நிறம் மங்கியிருக்கும். வெந்த ஹண்டர் ஒன்று மலிவுப் பரோசா மாதிரியே வேஷம் போடும். கழுத்தில் ஒழுகிய பிசுக்கு, மேலே தள்ளிய கார்க் இருந்தால் வாங்காதீர்கள். வெளியே அடையாளம் இல்லாமலும் வெந்திருக்கலாம். 13% ஒயின் ஜாமாக மணத்தால் முதலில் பாட்டிலைச் சந்தேகியுங்கள், ஊரை அப்புறம்.

அடுத்த சுற்றுக்கு

ஐந்தையும் ஓரளவு பிரிக்க வந்தபின் வட்டத்தைச் சுருக்குங்கள். பரோசா பள்ளத்தாக்கையும் ஈடன் பள்ளத்தாக்கையும் ஒரே தயாரிப்பாளரிடம், ஒரே ஆண்டில் வாங்குங்கள்: ஊர் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், உயரத்தின் வேலை மட்டும் தெரியும். அல்லது ஒரு கிராம்பியன்ஸ் பக்கத்தில் பிரான்சின் வடக்கு ரோனிலிருந்து குரோஸ் ஹெர்மிடாஜ் என்ற சிரா ஒயின் ஒன்றை வையுங்கள். தென்கோளத்தில் அறுவடை பிப்ரவரி–ஏப்ரல், பிரான்சில் செப்டம்பர் வாக்கில். லேபிளில் ஒரே ஆண்டு இருந்தாலும் ஆஸ்திரேலிய ஒயின் ஆறு மாதம் மூத்தது. இந்தியாவில் இருப்பவர்கள் நாசிக் ஷிராஸ் ஒன்றைச் சேர்க்கலாம். அங்கே மழைக்குப் பின் கவாத்து செய்து, குளிர்காலத்தில் பழுக்கவைத்து, வெயில் ஏறுமுன் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பறிக்கிறார்கள். வேறு நாள்காட்டியில் அதே கொடி என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

சாப்பாட்டை ஒப்பீடு முடிந்தபின் வையுங்கள். மிளகு போட்ட ஆட்டுக்கறிக்கு கிராம்பியன்ஸும் கான்பெராவும் பொருந்தும். மிளகாய்க் காரத்துக்கு 15% பரோசா கூடாது. காரமும் ஆல்கஹாலும் சேர்ந்து வாயை எரிக்கும், சுவை எதுவும் மிஞ்சாது. ஹண்டர் அங்கே கைகொடுக்கும்.

மிச்சமான 150 மி.லி.யைப் பெரிய பாட்டிலிலேயே விட்டால் காற்று கெடுத்துவிடும். கழுவிய சிறிய சோடா பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, மூடி, எண் எழுதி, ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் 16 டிகிரிக்கு வரவிட்டு அதே ஐந்து வரியை மீண்டும் எழுதுங்கள். முதல் நாள் இறுகிக் கிடந்த கிராம்பியன்ஸும் கான்பெராவும் பெரும்பாலும் திறந்திருக்கும். கனிவை மட்டுமே நம்பிய ஒயினில் பழம் தளர்ந்து ஆல்கஹால் வெளியே தெரியும். நல்ல பரோசா அசையாது. மூன்றாம் நாளும் மிஞ்சினால் ஆட்டுக்கறி வேகும் பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள்.